பின்னல் கணக்கு

கேக்கின் மேல் எந்த எண்ணை எழுதுவது
என்பதில்தான் தகராறு.
ஆயரகப் பதிவேட்டில் முப்பத்தைந்து ஆண்டு.
"அறுபது" என்கிறார் சிஸ்டர் லெயோகாதியா
காதுக் கருவியைத் திருகிக்கொண்டே.
"முப்பத்தைந்து, நீங்கள் எங்களைக் கண்டுபிடித்த கணக்கு."

நான் சபையைச் சேர்ந்தவள் இல்லை.
கோயிலுக்குப் போகிறவளும் இல்லை.
சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருந்தவள்.
நெவெஜிஸ் ஆற்றங்கரைச் சாலை, நான்காம் மாடி.
பதினாறாம் எண் நான். பதினேழு அவர்கள்.

மூன்று முதிர்கன்னிகள் என்றிருந்தோம்.
கன்னியர் என்று தெரிந்தது பிறகு.
லெயோகாதியா பிரசவ வார்டில் இரவு நர்ஸ்.
ஸ்தசே சர்க்கரை ஆலையில்;
பீட்ரூட் அரவை தொடங்கினால்
படிக்கட்டு முழுக்க அவள் கோட்டு மணக்கும்.
அன்டனீனா நூலகத்தில் அட்டை அடுக்கினாள்.
ஓர் ஆணின் செருப்பு அந்த வாசலில் கிடந்ததில்லை.
அதற்கு எங்கள் மாடியில்
ஆளுக்கொரு கதை.

விடிகாலை ஐந்துக்குச் சுவர் முணுமுணுக்கும்.
கான்கிரீட் பலகைதானே, என்ன தடிமன் இருந்துவிடப் போகிறது.
ஒருத்தி தொடங்க, இருவர் முடிப்பார்கள்.
பத்து முறை. ஒரு நிறுத்தம்.
மறுபடி பத்து.
கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு
நானும் எண்ணியிருக்கிறேன்.
ஐந்தாம் பத்து முடியும்போது
தண்ணீர் கொதித்திருக்கும்.

எழுபத்தொன்பது பிப்ரவரியில் ஒருவர் வந்தார்.
என் சமையலறையில் உட்கார்ந்தார்,
தொப்பியைக் கழற்றாமல்.
"பக்கத்தில் என்ன கேட்கிறது?"
என் மகனுக்கு அந்த ஆண்டு கல்லூரியில் இடம் வேண்டியிருந்தது.
அவருக்கும் அது தெரிந்திருந்தது.
"எண்ணுகிறார்கள்" என்றேன்.
"எதை?"
"பின்னலை. பத்துப் பத்தாக. ஸ்வெட்டர் போடுகிறார்கள்."
எழுதிக்கொண்டார்.
வாசலில் திரும்பி,
"யாருக்கு அத்தனை ஸ்வெட்டர்?"
"ஐந்து மாதம் குளிர், தோழரே."

அதைத் துணிச்சல் என்று யாரும் சொல்லவேண்டாம்.
துணிச்சலா, சோம்பலா,
அந்தத் தொப்பி மேல் வந்த எரிச்சலா,
இன்றுவரை எனக்கே தெளிவில்லை.

மறு மாதம் என் கதவுப் பிடியில்
ஒரு காகிதப் பை தொங்கியது.
உள்ளே, என் மகன் அளவில், சாம்பல் நிற ஸ்வெட்டர்.
இடது கை வலதைவிட நான்கு விரல் நீளம்.
கழுத்துக்குள் தலை நுழையவே இல்லை.
அவர்களில் ஒருத்திக்கும் பின்னத் தெரியாது
என்பது அப்போதுதான் புரிந்தது.
சுவருக்குக் காது உண்டென்றால்
இரண்டு பக்கமும்தானே இருக்கும்.

இன்று லெயோகாதியா சொல்கிறார்:
அறுபத்தைந்தில், வேறொரு சமையலறையில்,
குழாய் ரிப்பேர்காரர் வேடத்தில் வந்த பாதிரியார் முன்
வார்த்தைப்பாடு கொடுத்தார்களாம்.
தண்ணீரைத் திறந்துவிட்டு,
அந்தச் சத்தத்துக்குள் மெதுவாக.
புகைப்படம் இல்லை. கையெழுத்து இல்லை.
போகும்போது அவர் நிஜமாகவே ஒரு வாஷரை மாற்றிக் கொடுத்தாராம்.
ஸ்தசேக்கும் அன்றுதான்.
பதிவேட்டில் அவள் சாகும்வரை பதினொன்று.

மதியம் பேக்கரியிலிருந்து கேக் வந்தது.
எங்கள் ஊர்க் கல்யாணக் கேக்,
ஆளுயரத்தில் பாதி, உடம்பெல்லாம் முள்ளாய்க் கிளைவிட்டு.
எண் எழுத அதில் ஓர் அங்குல இடம் இல்லை.
இளைய சகோதரி தலையில் கை வைத்துக்கொண்டாள்.
ஆயர் சிரித்தார்.
அன்டனீனா ஏற்கெனவே ஒரு கிளையை முறித்து
வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

மாலையில் ஸ்தசேக்காக ஜெபமாலை.
கடைசி வரிசையில், கைப்பையை மடியில் வைத்து, சும்மா இருந்தேன்.
ஒருவர் தொடங்க, ஒருவர் முடித்தார்.
மூன்றாவது குரலின் இடம்
அப்படியே கிடந்தது.
எனக்குச் சொற்கள் தெரியாது.
எண்ணிக்கை தெரியும்.
ஐந்தாம் பத்து முடிந்தபோது
என் கை தானாக நீண்டது,
அடுப்பை அணைக்க.